இருபத்தொன்றாவது ஆள்

லெஸ்டர்
9-1-1972

அன்புள்ள சரசா அக்காவுக்கு பஞ்சாபகேசனின் நமஸ்காரம்.

நானும் சாவித்திரியும் செவ்வாய்க்கிழமை ஊர் வந்து சேர்ந்தோம். இருவருக்கும் ஜலதோஷம், மற்றபடி சௌக்கியம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? அப்பாவின் வருஷாப்திகம் ஒரு குறையுமில்லாமல் நடந்தது உன்னால்தான். அதை அங்கே இருந்தபோது வாய்விட்டுச் சொல்லவில்லை, இப்போது எழுதுகிறேன்.

நான் வைத்துவிட்டு வந்த பிஸ்கட் டப்பாவைத் திறந்தாயா? மொத்தம் நூற்று நாற்பது ஈயப் பொம்மைகள். எங்கள் கிளப்பில் பெரிய மனுஷர்களெல்லாம் சனிக்கிழமை கூடி, மேஜை மேல் மலையும் ஆறும் அமைத்து, பழைய காலத்துச் சண்டைகளை ஸ்கேலால் அளந்து பகடை உருட்டி மறுபடி நடத்துகிறோம் என்றபோது நீ சிரித்தாய். சிரித்துக்கொள். செப்டம்பரில் போட்டி வைக்கிறார்கள். யார் படைக்கு வர்ணம் நன்றாயிருக்கிறதோ அவருக்குப் பரிசு. ரோமாபுரிக்காரனையும் பிரெஞ்சுக்காரனையும் பார்த்துச் சலித்தவர்களுக்கு நான் சோழப் படையைக் காட்டப் போகிறேன். கொப்பத்துப் போர். சோழன் எண்பது பேர், சாளுக்கியன் அறுபது பேர். பாரசீகப் படை என்று கடையில் விற்றவைதான், தாடியை அரத்தால் ராவியிருக்கிறேன். நான் மூக்கு வரையப் போனால் மீசை வருகிறது. வருஷா வருஷம் கொலுப் பொம்மைக்கு வர்ணம் தொட்டவள் நீ.

துணியில் தனியாகச் சுற்றி ஒரு பொம்மை இருக்கும். அது சேனாபதி. அதற்கு இராஜாங்கத்தைப் பார்த்து முகம் போடு. நம் வடக்குவெளி மூன்று ஏக்கரையும் முப்பது வருஷமாகக் குத்தகைக்குச் செய்கிறான். அறுப்பு முடிந்து குத்தகை நெல்லோடு அப்பா முன்னால் வந்து நிற்பானே, தலையும் குனியாமல், நெஞ்சும் நிமிர்த்தாமல், அந்த நிலைதான் எனக்கு வேண்டும்.

கிளம்பும்போது சொன்னதை மறுபடி சொல்கிறேன். நம் வீடு உன்னுடையது. எழுத்தில் போட்டுத் தருகிறேன்.

உன் தம்பி,
பஞ்சு

வடகட்டளை
2-2-1972

சிரஞ்சீவி பஞ்சுவுக்கு அக்கா சரசாவின் ஆசீர்வாதம். சாவித்திரிக்கும் அப்படியே.

முழங்கால் இருக்கிறது, வலியும் இருக்கிறது, இரண்டும் ஒன்றையொன்று விட்டுப் பிரிவதாக இல்லை. உங்கள் ஜலதோஷத்துக்கு மிளகு ரசம் வைக்கச் சொல். அந்த ஊரில் மிளகு கிடைக்குமோ இல்லையோ.

ஏண்டா, நாற்பத்தைந்து வயதில் உனக்குப் பொம்மை. டப்பாவைத் திறந்ததும் நூற்று நாற்பது பேரும் என்னை முறைத்தார்கள். ஒருத்தனும் கட்டைவிரல் உயரம்கூட இல்லை. கையில் பிடித்து வர்ணம் போட்டால் விரலில் பாதி ஒட்டுகிறது என்று சோடா மூடியைக் கவிழ்த்து, மெழுகு வைத்து, ஆளுக்கு ஒரு மூடியில் நிற்க வைத்திருக்கிறேன். கூடம் முழுக்க டர்பன்டைன் வாசனை. பால்காரி மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலிலேயே ஊற்றிவிட்டுப் போகிறாள்.

எட்டி நின்று பார்த்தாலே எவன் நம்மவன், எவன் எதிரி என்று தெரிய வேண்டும் என்று டப்பாவுக்குள் வைத்த குறிப்பில் எழுதியிருந்தாய். யோசித்தேன். சோழன் சிவ பக்தன், அதனால் நம்மவனுக்கெல்லாம் பட்டையாகத் திருநீறு. எதிரி அறுபது பேருக்கும் நாமம் போட்டுவிட்டேன். பளிச்சென்று தெரிகிறது.

இராஜாங்கத்தைக் கூப்பிட்டு நிற்கச் சொன்னேன். "என்னங்கம்மா, என்னையப் பாத்தா பொம்ம செய்யிறீங்க?" என்று வெட்கப்பட்டான். பிறகு மண்வெட்டியை வேல் மாதிரி பிடித்துக்கொண்டு ஒரு நாழிகை அசையாமல் நின்றான். வலது புருவத்தில் ஒரு தழும்பு இருக்கிறது, அதையும் போட்டேன்.

பின்கட்டில் ஓடு சரிந்து மழைத் தண்ணீர் உள்ளே வந்திருக்கிறது. வீடு என்னுடையது என்று எழுதினாயே, படித்துவிட்டுக் கடிதத்தை சுவாமி அறையில் வைத்தேன். இருபத்திரண்டு வயதில் தாலியை இழந்து இங்கே வந்தேன். முப்பது வருஷத்தில் யாரும் என்னிடம் அந்த வார்த்தையைச் சொன்னதில்லை.

சரசா அக்கா

லெஸ்டர்
21-2-1972

அக்காவுக்கு நமஸ்காரம். நாங்கள் சௌக்கியம், உன் சௌக்கியத்துக்கு எழுது.

உன் கடிதத்தைப் படித்து விழுந்து விழுந்து சிரித்தேன். அடி அக்கா, சாளுக்கியனும் சிவ பக்தன்தான். கொப்பத்தில் நடந்தது சைவ வைஷ்ணவச் சண்டை இல்லை. என்னோடு வேலை செய்கிற ஹாரிஸிடம் சொன்னேன், நாமம் என்றால் என்ன என்று விளக்கவே அரை மணி ஆயிற்று. தயவுசெய்து அழித்துவிடு. சோழனுக்குப் புலிக்கொடி, சாளுக்கியனுக்குப் பன்றிக்கொடி, அது போதும்.

இன்னொன்று. டப்பாவின் அடித்தட்டில் வைத்த இருபது பேருக்குக் கேடயம் இருக்காது. அவர்கள் கூலிப்படை. அவர்களுக்குக் கொடி வேண்டாம், முகத்துக்கு மெனக்கெட வேண்டாம், பழுப்பு நிறத்தில் ஒரே தீற்று போதும். ஆட்டத்தில் முதலில் சாகிறவர்கள் அவர்கள்தான்.

யானை மேல் இருக்கிற ராஜாவுக்கு வெண்குடை மறக்காதே. அந்தப் போரில் அண்ணன் ராஜா யானை மேலேயே செத்துப்போனான், தம்பி அந்தக் களத்திலேயே முடிசூட்டிக்கொண்டு ஜெயித்தான். கதை சொன்னாலே கிளப்பில் கைதட்டுவார்கள்.

பஞ்சு

வடகட்டளை
18-3-1972

சிரஞ்சீவி பஞ்சுவுக்கு ஆசீர்வாதம். இங்கே வெயில் ஆரம்பித்துவிட்டது. நான் இருக்கிறேன்.

மண்ணெண்ணெய்த் துணியால் அறுபது நாமத்தையும் துடைத்தேன். பெருமாள் மன்னிக்கட்டும். கூலிப்படை இருபதுக்கும் நீ சொன்னபடி பழுப்பு. ஆனால் முகத்தைப் போடாமல் விட எனக்குக் கை வரவில்லை, கண்ணும் வாயும் போட்டிருக்கிறேன். முதலில் சாகிறவனுக்கும் கண் இருக்கும்.

ஓடு பற்றி நீ ஒன்றும் எழுதவில்லை.

இப்போது முக்கியமான விஷயம், கவனமாகப் படி. போன வாரம் ஊரில் தண்டோரா போட்டார்கள். குத்தகைக்குச் சாகுபடி செய்கிறவர்கள் பெயரையெல்லாம் சர்க்கார் பதிவேட்டில் ஏற்றப் போகிறார்களாம். பெயர் ஏறிவிட்டால் நிலத்தை விட்டு யாரும் எழுப்ப முடியாது. ஏறாவிட்டால் என்றைக்கு வேண்டுமானாலும் எழுப்பலாம். இராஜாங்கம் மனு கொடுத்திருக்கிறான். ரசீது கேட்கிறார்களாம். ரசீதுக்கு எங்கே போவான்? அப்பா யாருக்கும் எழுதிக் கொடுத்ததில்லை. "நமக்குள்ளே என்னடா காகிதம்" என்பார். அந்த 'நமக்குள்ளே'யை நம்பி அவனும் கேட்டதில்லை.

நேற்று வந்து நின்றான். "தம்பிகிட்டேருந்து ஒரு வரி வந்தா போதுங்கம்மா. இராஜாங்கந்தான் செய்யிறான்னு. மொத விசாரணையிலேயே முடிஞ்சிரும்" என்றான். நிலம் உன் பெயரில் இருக்கிறது. ஒரு வரி எழுதிப் போடு. நாம் குத்தகை வாங்குவதை யாரும் நிறுத்தப் போவதில்லை. முப்பது வருஷம் செய்தவனை முப்பது வருஷம் செய்தான் என்று சொல்லப் போகிறோம், அவ்வளவுதானே.

சரசா அக்கா

லெஸ்டர்
27-5-1972

அக்காவுக்கு நமஸ்காரம். பதில் தாமதமாகிவிட்டது. சாவித்திரிக்கு உடம்பு சுகமில்லாமல் இருந்து இப்போது தேவலை. உன் உடம்பு எப்படி?

யானைக்குச் சாம்பல் நிறம் மட்டும் போடாதே, தும்பிக்கை அடியிலும் காது ஓரத்திலும் இளஞ்சிவப்புப் புள்ளி வேண்டும். நம் கோயில் யானையை நினைத்துக்கொள்.

இராஜாங்கம் விஷயம். கும்பகோணம் வக்கீல் ராமச்சந்திரன் எனக்கு விவரமாக எழுதியிருந்தார். அக்கா, நாங்கள் இங்கே வாடகை வீட்டில் எத்தனை நாள் இருப்பது? வடக்குவெளியை வாங்க ஒருவர் தயாராக இருக்கிறார். குத்தகைதாரன் பெயர் ஏறிவிட்டால் பாதி விலைக்குக்கூட யாரும் தொட மாட்டார்கள். வேறு வழியில்லாமல்தான் இதை எழுதுகிறேன்.

விசாரணையில் உன்னைச் சாட்சியாகக் கூப்பிடுவார்கள். நீ பெரிதாக ஒன்றும் சொல்ல வேண்டாம். இராஜாங்கம் குத்தகைக்காரன் இல்லை, நம் சொந்தச் சாகுபடியில் கூலியாள் என்று ஒரு வார்த்தை. இருபது கூலிப்படைக்கு வர்ணம் போட்டாயே, இவனை இருபத்தொன்றாவது ஆள் என்று வைத்துக்கொள்.

அவனுக்கு நான் கெடுதல் நினைப்பதாக எண்ணாதே. வாங்குகிறவரிடம் சொல்லி அவனையே வேலைக்கு வைத்துக்கொள்ளச் சொல்கிறேன். ஜனவரியில் நான் எழுதிய கடிதத்தில் குத்தகை என்று ஏதோ எழுதியிருந்தேன் போலிருக்கிறது. அதை எரித்துவிடு.

இது முடிந்த கையோடு வீட்டை உன் பெயருக்கு எழுதும் பத்திரத்தையும் முடித்துவிடலாம் என்று வக்கீல் சொல்கிறார்.

பஞ்சு

வடகட்டளை
20-6-1972

சிரஞ்சீவி பஞ்சுவுக்கு ஆசீர்வாதம். சாவித்திரி தேறியது கேட்டு சந்தோஷம்.

மேட்டூர் திறந்து வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டது. இராஜாங்கம் வடக்குவெளியில் நாற்றங்கால் விட்டிருக்கிறான்.

யானை முடிந்தது. காதில் புள்ளி வைத்தேன். கொடிகள் பாக்கி, குதிரை ஆறு பாக்கி. பச்சை வர்ணம் தீர்ந்துபோயிற்று, கும்பகோணத்தில் சைக்கிள் கடையில் ஒரு டப்பி வாங்கினேன், அது காயவே மூன்று நாள் ஆகிறது.

நீ சொன்ன கடிதத்தை அடுப்பில் போட்டேன். பால் பொங்குகிற நேரம்கூட ஆகவில்லை.

வீட்டுப் பத்திரத்தில் எதிர்காலத்தில் யாரும் கேட்க முடியாதபடி எழுத வேண்டும் என்று வக்கீலிடம் சொல். பின்கட்டு, கிணறு, கொல்லை எல்லாம் சேர்த்து.

சரசா அக்கா

வடகட்டளை
4-8-1972

பஞ்சுவுக்கு ஆசீர்வாதம். உங்கள் இருவரின் க்ஷேமமும் தெரியவில்லை. ஜூனில் நான் எழுதியதற்குப் பதில் இல்லை.

பொம்மைகளை முந்தாநாள் பார்சல் அனுப்பினேன். ஒவ்வொன்றையும் பஞ்சில் சுற்றி, பழைய வேட்டியைக் கிழித்து இடுக்கில் திணித்தேன். வேல் வளைந்திருந்தால் விரலாலேயே நிமிர்த்தலாம்.

விசாரணை போன மாதம் இருபத்து நாலாம் தேதி நம் ஊர்ச் சாவடியிலேயே நடந்தது. வக்கீல் எழுதியிருப்பார், ஆனால் அவர் எழுதாததை நான் எழுத வேண்டும்.

என்னை உள்ளே நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். இராஜாங்கம் வெளியே கூட்டத்தோடு பந்தலில் நின்றான். அதிகாரி வயதில் சின்னவர், மரியாதையாகத்தான் கேட்டார். "இராஜாங்கம் உங்க வடக்குவெளியில என்னவா இருந்தார்ம்மா?" கூலியாள் என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. குமாஸ்தா காதில் கையை வைத்துக்கொண்டு இன்னொரு தரம் சொல்லச் சொன்னார். இன்னொரு தரம் சொன்னேன். பொய்யை இரண்டு தரம் சொல்ல வேண்டியிருக்கும் என்று உன் வக்கீல் எனக்குச் சொல்லித் தரவில்லை.

பிறகு அவனைக் கூப்பிட்டார்கள். "அம்மா வாக்குமூலம் குடுத்தாச்சு. அவங்க சொன்னதுல உனக்கு ஏதும் ஆட்சேபணை உண்டா?" என்று குமாஸ்தா கேட்டார். என்ன சொன்னேன் என்று அவர் படித்துக் காட்டவில்லை. இவனும் கேட்கவில்லை. துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு, என்னைப் பார்த்து ஒரு சிரிப்பு சிரித்தான். "அம்மா சொன்னா சரியாத்தாங்க இருக்கும்" என்றான்.

குமாஸ்தா அதை எழுதிக்கொண்டார். சாட்சி கூறியதை மனுதாரர் ஒப்புக்கொள்கிறார் என்று. அதன் கீழே கைநாட்டு வாங்கிக்கொண்டார்கள்.

நம் பக்கத்து ஜனங்கள் பேசுகிற பேச்சு அது. சின்ன வயசிலிருந்து கேட்கிறோம். ஐயா சொன்னா சரிதாங்க, அம்மா சொன்னா சரிதாங்க. அது மரியாதை. சம்மதம் என்று அதுவரை யாரும் எழுதிக்கொண்டதில்லை. நான் எழுந்து, நான் சொன்னது என்னவென்று தெரியாமல் சொல்கிறான் என்று சொல்லியிருக்கலாம். உட்கார்ந்திருந்தேன்.

வெளியே வந்ததும் வண்டிவரை கூடவே வந்தான். "இந்த வெயில்ல எனக்காவ வந்து சொன்னீங்களேம்மா" என்றான். நான் வண்டியில் ஏறிக்கொண்டேன்.

பத்திரம் என்றைக்கு?

சரசா அக்கா

வடகட்டளை
12-9-1972

பஞ்சுவுக்கு ஆசீர்வாதம்.

பார்சல் வந்ததா என்று மட்டுமாவது எழுது. இராஜாங்கத்தின் மனு தள்ளுபடி என்று உத்தரவு வந்துவிட்டது. தபால்காரர்தான் அவனுக்குப் படித்துக் காட்டினாராம். அன்றையிலிருந்து அவன் நம் தெருப் பக்கம் வரவில்லை. வக்கீல் ராமச்சந்திரனைப் பார்க்க இரண்டு தடவை கும்பகோணம் போனேன். இரண்டு தடவையும் கோர்ட்டுக்குப் போயிருக்கிறார் என்றார்கள். உள்ளே அவர் தும்முகிற சத்தம் கேட்டது.

சரசா அக்கா

லெஸ்டர்
24-10-1972

அன்புள்ள அக்காவுக்கு நமஸ்காரம். உன் ஆசீர்வாதத்தில் நாங்கள் சௌக்கியம்.

முதல் பரிசு, அக்கா. எழுபது பேர் கலந்துகொண்ட போட்டி. யானையைச் சுற்றி நின்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார்கள். அந்தச் சேனாபதியின் புருவத் தழும்பைப் பார்த்துவிட்டு ஹாரிஸ், இத்தனூண்டு முகத்தில் ஒரு ஆள் உயிரோடு இருக்கிறான் என்றான். எல்லாரும் நான்தான் வர்ணம் போட்டேன் என்று நினைத்துக்கொண்டார்கள், நானும் திருத்தவில்லை. வெளியார் வேலை என்றால் விதிமுறையில் சிக்கல் வரும். அக்கா வெளியாளா என்று நீ கேட்பாய். இவர்களுக்கு அதெல்லாம் புரியாது.

பாவம் இராஜாங்கம், நீ எழுதியதைப் படித்து மனசு கஷ்டமாக இருந்தது. ஆனால் அவனே ஒப்புக்கொண்டான் என்று உத்தரவில் இருக்கிறது, அதற்கு நாம் என்ன செய்ய முடியும்?

வீடு விஷயம். வடக்குவெளி வாங்குகிறவர் களமும் வேண்டும் என்கிறார். களம் நம் கொல்லையோடு சேர்ந்தது. கொல்லையைப் பிரித்தால் வீட்டுக்கு மதிப்பில்லை என்று வக்கீல் சொல்கிறார். அதனால் மொத்தமாகக் கொடுப்பதாகப் பேசி முடித்துவிட்டார்கள். என்னைத் தப்பாக நினைக்காதே. தனியாக அவ்வளவு பெரிய வீட்டில், முழங்கால் வலியோடு நீ எப்படி இருப்பாய்? மாயவரத்தில் சித்தி வீட்டில் சமையலறைக்குப் பக்கத்து அறை காலியாக இருக்கிறதாம். தை பிறப்பதற்குள் போய்விட்டால் நல்லது.

ஹாரிஸ் தன் படைக்கும் என்னை வர்ணம் போட்டுத் தரச் சொல்கிறான். நூறு பேர். ஒரு டப்பா அனுப்பட்டுமா?

உன் அன்புத் தம்பி,
பஞ்சு

வடகட்டளை
3-12-1972

பஞ்சாபகேசனுக்கு சரசா எழுதுவது.

முழங்கால் வலியோடு எப்படி இருப்பாய் என்று கேட்டிருந்தாய். முழங்கால் மட்டும் தேவலை. இப்போதெல்லாம் நிறைய நடக்கிறேன்.

டப்பா அனுப்ப வேண்டாம்.

உன் கடிதம் வருவதற்கு முன்பே வடக்குவெளியை வாங்கினவரின் ஆட்கள் வந்து குறுவையை அறுத்துக்கொண்டு போனார்கள். வரப்பில் நாலு போலீஸ்காரர்கள் நின்றார்கள். நட்டது இராஜாங்கம், களை எடுத்தது அவர் பெண்டாட்டி மலர்கொடி. இரண்டு பேரும் வாய்க்கால் கரையில் உட்கார்ந்து கடைசிக் கட்டு ஏறும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் மாடி ஜன்னலிலிருந்து பார்த்தேன்.

அப்போதும் நான் போகவில்லை, பஞ்சு. அதை நீ தெரிந்துகொள். வீடு எனக்குத்தான் என்று உள்ளே ஒரு மூலையில் நம்பிக்கொண்டிருந்தேன். வீட்டை விற்றாயிற்று என்று உன் கடிதம் வந்த பிறகுதான் எனக்கு நியாயம் தெரிந்தது. அப்படிப்பட்டவள்தான் நானும். ஒரே வயிற்றில் பிறந்தவர்கள், குணம் எங்கே போகும்.

இராஜாங்கத்தின் வீட்டுக்குப் போனேன். மலர்கொடி வாசல்படியை மறித்து நின்றாள். "கூலியாளு வீட்டுல உங்களுக்கு என்னங்கம்மா வேல?" என்றாள். நியாயமான கேள்வி. இராஜாங்கம் உள்ளேயிருந்து வந்தார். உட்காரச் சொல்லவில்லை, திட்டவும் இல்லை. "நீங்க என்ன சொன்னீங்கன்னு கேக்காமலே சரின்னேம் பாருங்க. அது எந் தப்புதாங்க. இனிமே யார் சொன்னாலும் கேட்டுட்டுத்தான் சொல்லுவேன்" என்றார். என் வயசுக்கு இதைவிடப் பெரிய அடி விழுந்ததில்லை.

அப்பீல் போட்டிருக்கிறார்கள். நான் வந்து உண்மையைச் சொல்கிறேன் என்றேன். அவருடைய வக்கீல் வேண்டாம் என்று தலையை ஆட்டினார். ஒரு தடவை ஒன்று சொல்லிவிட்டு இன்னொரு தடவை மாற்றிச் சொல்கிற சாட்சியை யாரும் நம்ப மாட்டார்கள், வீடு போன கோபத்தில் பேசுகிறாள் என்பார்கள் என்றார். அதுவும் பொய்யில்லை. வேறு எழுத்துமூலமாக ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார்.

ஜனவரியில் நீ எழுதியதை எரித்துவிட்டேன். அதில் உனக்குச் சந்தேகம் வேண்டாம். ஆனால் அதை எரி, கூலியாள் என்று சொல், இருபத்தொன்றாவது ஆள் என்று வைத்துக்கொள் என்று மே மாதம் ஒன்று எழுதினாயே, அதை எரிக்கச் சொல்லி நீ எழுதவில்லை. சொன்னதை மட்டும் செய்கிறவள் நான் என்று உனக்குத் தெரியும்.

பொய்ச் சத்தியம் செய்ததற்கு என் மேல் வழக்கு வரலாமாம். வரட்டும். மாயவரத்துக்கு நான் போகவில்லை. திருவாரூரில் ஒரு பெண்கள் விடுதியில் சமையலுக்குக் கேட்டிருக்கிறார்கள், தை முதல் அங்கே இருப்பேன். பெயர் ஏறினாலும் ஏறாவிட்டாலும் இராஜாங்கம் வீட்டில் எனக்கு இனி ஒரு வாய் தண்ணீர் கிடையாது. அதைக் கேட்கப் போகிற தைரியமும் எனக்கு இல்லை.

அப்பீல் விசாரணை ஜனவரி எட்டாம் தேதி. உனக்கும் நோட்டீஸ் வரும். இன்று காலை உன் மே மாதக் கடிதத்தை இராஜாங்கத்தின் வக்கீலிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் முதலில் கையெழுத்தைத்தான் பார்த்தார். "இது உங்க தம்பி எழுத்துதான்னு உறுதியாச் சொல்லுவீங்களாம்மா?" என்றார். நான்தான் அவனுக்கு எழுதப் பழக்கினேன் என்றேன்.

சரசா